கோபுரம் ஆடாது, அடுக்குமாடி ஆடும்

லால்குடி, பூவாளூர், அன்பில் பக்கத்தில் இன்றைக்கும் நாலு மாடி எழுப்பினால் ஊரே நின்று பார்க்கும். ஆனால் இதைப் படிக்கும் நம் வயதுக்காரர்கள் பலருக்கு மகனோ மகளோ சென்னையிலும் மும்பையிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருபதாவது, முப்பதாவது மாடியில் குடியிருக்கிறார்கள். பேரன் பிறந்தால் ஆறு மாதம், முழங்கால் ஆபரேஷன் என்றால் மூன்று மாதம் என்று நாமும் அங்கே போய் இருந்துவிட்டு வருகிறோம். திரும்பி வந்தவர்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசும்போது ஒரு விஷயம் அடிக்கடி வரும். "காத்து பலமா அடிச்சா கட்டடம் ஆடுறாப்பல இருக்குங்க. பையன்கிட்ட சொன்னா, பி.பி. மாத்திரை போட்டியாப்பான்னு கேக்குறான்."

ஆடுகிற மாதிரி இருப்பது பிரமை இல்லை. உண்மையாகவே ஆடுகிறது. உயரமான கட்டடம் எதுவானாலும் காற்றில் கொஞ்சமாவது ஆடும். எவ்வளவு ஆடும், அந்த ஆட்டம் மனித உடம்புக்கு எப்போது தெரியும், எப்போது பொறுக்காது என்று கணக்குப் போட மனிதன் கற்றுக்கொண்டு அறுபது வருடம்தான் ஆகிறது. அந்தக் கணக்குக்கு வழி போட்டவர் பிறந்த ஊர் நம் மதராஸ் என்பது அநேகருக்குத் தெரியாது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

முதல் கேள்வி: விழுமா?

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் பாடப்புத்தகத்தில் ஈஃபெல் கோபுரத்தின் படம் பக்கம் முழுக்க இருக்கும். ஆரம்பத்தில் அதற்குப் பெயரே 'முந்நூறு மீட்டர் கோபுரம்' என்பதுதான். 1887-ல் அஸ்திவார வேலை தொடங்கியபோது பாரிஸ் நகரத்து எழுத்தாளர்களும் ஓவியர்களும் சேர்ந்து, இந்த இரும்புக் கம்பம் நகரத்தின் அழகைக் கெடுக்கிறது என்று பத்திரிகையில் கண்டனம் வெளியிட்டார்கள். அதற்கு குஸ்தாவ் ஈஃபெல் சொன்ன பதிலின் சாரம் இது: கோபுரத்தின் நான்கு கால்களும் வளைந்து மேலே போகிறதே, அந்த வளைவைக் காற்றின் கணக்குதான் கொடுத்தது, கணக்கு சரியாக இருந்தால் அதற்கென்று ஓர் அழகு வந்துவிடும்.

அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்குக் காற்று என்றாலே அச்சம்தான். காரணம் இருந்தது. 1879 டிசம்பர் 28 அன்று இரவு, ஸ்காட்லாந்தில் டே ஆற்றின் மேல் இருந்த ரயில் பாலத்தின் நடுப்பகுதி புயலில் சரிந்து விழுந்தது. அப்போது பாலத்தின் மேல் ஒரு பயணிகள் ரயில் போய்க்கொண்டிருந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. பாலம் கட்டிப் போக்குவரத்து தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. காற்றின் விசைக்குப் போதுமான இடம் கணக்கில் கொடுக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது.

ஈஃபெல் இந்த விஷயத்தை வாழ்நாள் முழுக்க விடவில்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1903 முதல் தம் கோபுரத்தின் மேலிருந்து விதவிதமான தகடுகளைக் கீழே விழவிட்டு, காற்று அவற்றை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தார். 1909-ல் கோபுரத்தின் அடியிலேயே ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்தார். ஒரு நீண்ட குழாய். ஒரு முனையில் பெரிய விசிறி. நடுவில் சோதிக்க வேண்டிய பொருளின் சிறு மாதிரி. அவ்வளவுதான். 1912-ல் அதைப் பாரிஸின் இன்னொரு பக்கத்தில் இருக்கும் ஓத்தேய் பகுதிக்கு மாற்றினார். ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வது என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் இவரைத்தான் சொல்வது வழக்கம்.

நம் பக்கத்திலும் காற்றுக்கு மரியாதை உண்டு. பழைய பாம்பன் பாலத்தில் ராமேஸ்வரம் ரயிலில் போனவர்களுக்கு நினைவிருக்கும். பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்புக்குப் போய்விடும். ரயில் கரையிலேயே காத்திருக்கும்.

டே பாலம், ஈஃெபல் கோபுரம், பாம்பன் எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்த கேள்வி ஒன்றே: விழுமா, விழாதா? உள்ளே இருக்கும் மனிதனுக்கு எப்படி இருக்கும் என்ற இரண்டாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்க அவசியமும் அப்போது வரவில்லை.

கோபுரம் ஏன் ஆடுவதில்லை?

கொள்ளிடத்தைத் தாண்டும்போது ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரியும். பல நூற்றாண்டு மொட்டையாக நின்ற ராயகோபுரத்தின் அடிப்பகுதியின் மேல், அகோபில மடத்தின் 44-ஆவது ஜீயர் முயற்சி எடுத்து, 13 நிலையாகக் கட்டி முடித்து, 1987 மார்ச் 25-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. உயரம் 236 அடி, அதாவது சுமார் 72 மீட்டர். இருபது மாடிக் கட்டடத்துக்குச் சமமான உயரம். ஆனாலும் இந்தக் கோபுரம் காற்றில் ஆடுகிறது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

காரணம் அதன் உருவத்திலேயே இருக்கிறது. அடி அகலம், மேலே போகப் போக ஒடுக்கம், உடம்பு முழுக்கக் கனம். காற்று வேகமாக அடிக்கும் உச்சியில் கோபுரத்தின் அகலம் குறைவு. உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் சிறியது. உயரம், குறுகிய பக்கத்தின் அகலத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் போனால் காற்றின் அசைவைத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் நாட்டு விதிநூல் சொல்கிறது. கோபுரம் அந்தப் பக்கமே போகாது.

சென்னை மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் 1959 ஆகஸ்ட் 23-ல் திறக்கப்பட்டது. 177 அடி. அப்போது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். அந்த நாள் விதிநூல்களில் காற்று என்றால் சுவரின் மேல் இத்தனை எடை அழுத்துகிறது என்று ஒரே அளவாக எடுத்துக்கொள்வார்கள். தலையில் மூட்டை வைப்பதைப் போல, பக்கவாட்டில் ஒரு மூட்டை. மூட்டையைத் தாங்கினால் சரி. அந்த அளவு உயரத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

சிக்கல் வந்தது அமெரிக்காவில். 1931-ல் கட்டிய எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் எஃகுச் சட்டத்தோடு கல்லும் செங்கல்லும் ஏராளமாக உண்டு. அந்தக் கனமே ஆட்டத்தை அடக்கியது. 1960-களில் கல்லும் செங்கல்லும் போய், எஃகும் கண்ணாடியும் மெல்லிய தடுப்புகளும் வந்தன. கட்டடம் உயர்ந்தது, எடை குறைந்தது. பழைய ஆலமரம் போல இருந்தது தென்னை மரம் போல ஆனது.

மதராஸில் பிறந்தவர்

ஆலன் கார்னெட் டேவன்போர்ட் 1932 செப்டம்பர் 19-ஆம் தேதி மதராஸில் பிறந்தார். ஈஃபெல் பிறந்தது 1832. சரியாக நூறு வருட இடைவெளி. டேவன்போர்ட் வளர்ந்தது தென்னாப்பிரிக்காவில். பட்டப்படிப்பு கேம்பிரிட்ஜில், அடுத்தது கனடாவின் டொரன்டோவில். 1961-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். பொருள்: காற்றில் மெல்லிய கட்டுமானங்கள்.

அதே 1961-ல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்தத் துறையையே மாற்றியது. அவர் சொன்னதை நம் பேச்சில் இப்படிச் சொல்லலாம். காற்று ஒரே அளவாக அழுத்தும் மூட்டை இல்லை. அது விட்டுவிட்டு வரும் உந்தல். ஊஞ்சலில் குழந்தையை வைத்துத் தள்ளிப் பாருங்கள். பலமாக ஒரு தடவை தள்ளுவதைவிட, ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்து லேசாகப் பத்துத் தடவை தள்ளினால் அதிக உயரம் போகும். கட்டடத்துக்கும் ஊஞ்சலைப் போலச் சொந்தமான ஒரு தாளம் உண்டு. ஒரு முறை போய்த் திரும்ப இத்தனை விநாடி என்று. காற்றின் உந்தல்களில் அந்தத் தாளத்தோடு சேர்ந்து விழும் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடித்தால் ஆட்டத்தைக் கணக்கிடலாம். அடுத்த உந்தல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மொத்தமாக எப்படி இருக்கும் என்பதைப் புள்ளியியல் மூலம் சொல்லலாம். இதுதான் அவருடைய வழி.

இன்னொரு ஆட்டமும் உண்டு. நம்மவர்களுக்கு அதைப் புரியவைக்கக் கொள்ளிடமே போதும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சாய்ந்ததே, அந்தப் பழைய பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். தூணைக் கடந்த தண்ணீர் இடப்பக்கம் ஒரு சுழி, வலப்பக்கம் ஒரு சுழி என்று மாற்றி மாற்றிச் சுழித்துக்கொண்டு போகும். காற்றும் கட்டடத்தைக் கடந்ததும் இதையே செய்கிறது. ஒவ்வொரு சுழியும் கட்டடத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால் காற்று மேற்கிலிருந்து அடித்தாலும் கட்டடம் வடக்கும் தெற்குமாக ஆடும். மிக உயரமான கட்டடங்களில் இந்தக் குறுக்கு ஆட்டம்தான் பல நேரம் அதிகம்.

டேவன்போர்ட் 1965-ல் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்தார். விமானத்துக்கான பழைய சுரங்கங்களில் காற்று வழவழவென்று ஒரே சீராக வரும். நிலத்தின் மேல் காற்று அப்படி வருவதில்லை. வீடும் மரமும் தடுத்து, தரையோரம் மெதுவாகவும் மேலே வேகமாகவும், குலுங்கிக் குலுங்கி வரும். டேவன்போர்ட் தம் சுரங்கத்தை நீளமாகக் கட்டி, தரையில் சிறு கட்டைகளைப் பரப்பி, ஊர்க்காற்றை உள்ளே வரவழைத்தார். சிகாகோவின் சியர்ஸ் டவரும் டொரன்டோவின் சி.என். டவரும் அங்கே பொம்மையாக நின்று சோதனையான பிறகுதான் வானத்தில் எழும்பின. அவர் 2009 ஜூலையில் காலமானார்.

இரண்டாவது கேள்வி: இருக்க முடியுமா?

ஆட்டத்தைக் கணக்கிடலாம் என்றாகிவிட்டது. எவ்வளவு ஆட்டம் பொறுக்கும் என்று யார் சொல்வது?

நியூயார்க்கில் 110 மாடி உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுரம் கட்டத் திட்டமிட்டபோது, பொறியாளர் லெஸ்லி ராபர்ட்சன் முப்பது வயதைத் தாண்டிய இளைஞர். டேவன்போர்ட் அவருக்குக் காற்று ஆலோசகர். கோபுரம் விழாது என்று கணக்கு சொன்னது. ஆடும் என்றும் அதே கணக்கு சொன்னது. அந்த ஆட்டத்தில் மனிதன் உட்கார்ந்து வேலை பார்ப்பானா என்பதற்கு உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை.

எனவே 1965-ல் அமெரிக்காவின் மேற்குக் கோடியில், ஆரகான் மாநிலத்து யூஜீன் என்ற ஊரில், பால் ஹாஃப்மன் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். இலவசக் கண் பரிசோதனை என்று விளம்பரம். வந்தவர்களை ஓர் அறையில் நிற்கவைத்து, சுவரில் இருக்கும் உருவத்தைப் பார்த்து அளவு சொல்லுங்கள் என்றார்கள். வந்தவர்களுக்குத் தெரியாத விஷயம், அந்த அறையின் அடியில் சக்கரமும் அதை மெல்ல மெல்ல அசைக்கும் இயந்திரமும் இருந்தன. கொஞ்ச நேரத்தில் சிலருக்குத் தலை சுற்றியது, சிலருக்குக் குமட்டியது, சிலர் கால் தடுமாறினார்கள். பொறியாளர்கள் எதிர்பார்த்ததைவிட மிகச் சிறிய அசைவிலேயே மனிதர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பலனாக ஒவ்வொரு கோபுரத்திலும் சுமார் 10,000 அதிர்வுத் தணிப்பான்கள் பொருத்தப்பட்டன. ரப்பரைப் போன்ற ஒரு பொருளை எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்து, ஆட்டத்தின் சக்தியை அது உறிஞ்சும்படி செய்த ஏற்பாடு. ஆட்டத்தை அடக்க உயரமான கட்டடத்தில் இப்படிப்பட்ட சாதனம் வைப்பது அதுவே முதல் தடவை. நல்ல முடிவுதான். ஆனால் யூஜீன் சோதனையின் செய்தி வெகுகாலம் வெளியே வரவில்லை. பரிசோதிக்கப்பட்டவர்களிடம் முதலில் சொல்லவில்லை. குடிவரப் போகிறவர்களிடமும் பறைசாற்றவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அளவு எது?

மனித உடம்புக்கு வேகம் தெரியாது. வேகம் மாறுவதுதான் தெரியும். லால்குடியில் ஏறி உட்கார்ந்தால் ரயில் ஒரே சீராக ஓடும் வரை காபி சிந்தாது. பிரேக் போட்டால் சிந்தும். வேகம் மாறும் அந்த வீதத்துக்குப் பள்ளிக்கூடத் தமிழில் முடுக்கம் என்று பெயர். ஆகவே கட்டடம் எத்தனை அங்குலம் நகர்ந்தது என்பதைவிட எத்தனை முடுக்கத்தில் நகர்ந்தது என்பதுதான் முக்கியம்.

குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவனுக்குக் கணக்கு இல்லாமல் திருப்தி வராது. எளிய கணக்கு ஒன்று போடுகிறேன். கட்டடத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து 46-ஆல் வகுத்தால், ஒரு முறை ஆடித் திரும்ப ஏறக்குறைய எத்தனை விநாடி என்று கிடைக்கும். 150 மீட்டர் கட்டடத்துக்குச் சுமார் 3¼ விநாடி. 300 மீட்டருக்குச் சுமார் 6½ விநாடி. முடுக்கம் 0.15 என்ற அளவைத் தொட, 150 மீட்டர் கட்டடம் நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் 4 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். 300 மீட்டர் கட்டடம் 16 சென்டிமீட்டர் நகர வேண்டும். குறைவாக நகர்ந்தாலும் வேகமாகத் திரும்பும் கட்டடம்தான் உடம்பை அதிகம் உலுக்கும்.

0.15 என்றால் என்ன? ஒரு விநாடிக்கு விநாடி 0.15 மீட்டர். பூமி நம்மை இழுக்கும் விசையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. 60 கிலோ எடையுள்ள ஆளைப் பக்கவாட்டில் 900 கிராம் கனத்தால் தள்ளுவதற்குச் சமம். நூற்றுக்கு அரைப் பங்கு, அதாவது 300 கிராம் தள்ளலிலேயே சிலருக்கு ஆட்டம் தெரிய ஆரம்பித்துவிடும். நூற்றுக்கு ஒன்றரையைத் தாண்டினால் தொந்தரவாக இருக்கும் என்று 1973-ல் வெளியான ஓர் அட்டவணை சொன்னது.

டவுன் பஸ் கிளம்பும்போது இதைப்போல ஐந்தாறு மடங்கு உலுக்குமே, அதை நாம் பொறுத்துக்கொள்கிறோமே என்று கேட்கலாம். பஸ்ஸில் ஏறுகிறவன் ஆடும் என்று தெரிந்து கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான். வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பவன் எதைப் பிடித்துக்கொள்வான்? வீடு என்பது அசையாதது என்ற நம்பிக்கையில்தான் மனிதன் கண்ணை மூடுகிறான். அதனால்தான் ஒரே முடுக்கம் பஸ்ஸில் சாதாரணம், படுக்கையறையில் பயம்.

அதே 1973-ல் ஹான்சன், ரீட், வான்மார்க் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் வேறொரு நல்ல காரியம் செய்தார்கள். புயல் அடித்து ஓய்ந்த பிறகு உயரமான கட்டடங்களில் இருந்தவர்களிடம் நேரில் போய்க் கேட்டார்கள். உங்களுக்குத் தெரிந்ததா? எத்தனை தடவை இப்படி வந்தால் ஆட்சேபிப்பீர்கள்? அந்தப் பதில்களிலிருந்து ஒரு விதி எழுதினார்கள். கட்டடத்தின் மேல் மூன்றில் ஒரு பகுதியில் இருப்பவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் ஆட்சேபிக்கும்படியான ஆட்டம் ஆறு வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது. எனக்கு இந்த விதி மிகவும் பிடித்தது. அதற்கு ஆதாரம் இயந்திரம் இல்லை, குடியிருந்தவர்களின் வாய்மொழி. எவ்வளவு ஆட்டம் என்பதோடு எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை என்பதையும் சேர்த்தார்கள். பத்து வருடத்தில் ஓர் இரவு என்றால் மனிதன் பொறுப்பான். மாதம் ஒரு தடவை என்றால் வீட்டைக் காலி செய்வான்.

பாஸ்டன் நகரத்து ஜான் ஹான்காக் டவரில், மேல் மாடியில் இருந்தவர்களுக்கு ஆட்டம் தாங்காமல் போக, 58-ஆவது மாடியில் 300 டன் எடையுள்ள ஈயப் பெட்டிகள் இரண்டை வைத்தார்கள். கட்டடம் ஒரு பக்கம் போனால் பெட்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். தைவானின் தைபே 101 கட்டடத்தில் 660 டன் எஃகு உருண்டை தொங்குகிறது. 2015 ஆகஸ்ட் புயலில் அந்த உருண்டை ஒரு மீட்டர் அளவுக்கு ஊசலாடியது. நம்மவர்கள் ஏராளமானோர் வேலை பார்க்கும் துபாயில், 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவில் அப்படி உருண்டை கிடையாது. மேலே போகப் போக உருவத்தை மாற்றி மாற்றிக் கட்டியதால் காற்றின் சுழிகள் ஒன்றுசேர முடியாமல் சிதறிவிடுகின்றன.

நம் நாட்டில்

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் முடிந்த அதே 1987-ஆம் வருடம், நம் நாட்டுக் காற்று விதிநூலான ஐ.எஸ். 875 மூன்றாம் பாகம் திருத்தி எழுதப்பட்டது. டேவன்போர்ட் காட்டிய வழியிலான கணக்கு, உச்சியின் முடுக்கத்தைக் காணும் வாய்பாடு எல்லாம் அதில் இடம்பெற்றன. மதராஸில் பிறந்து உலகம் சுற்றிய கணக்கு அப்படித்தான் ஊர் திரும்பியது. ஐம்பது வருடத்தில் ஒரு முறை வரக்கூடிய காற்றின் வேகத்தை ஊர் ஊராக அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் விநாடிக்கு 50 மீட்டர். திருச்சிக்கு 47. மதுரைக்கு 39. திருச்சிக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் 1977 நவம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். நாகப்பட்டினத்தில் கரையேறிய புயல் திருச்சியை எப்படி மூழ்கடித்தது என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018-ல் கஜாவையும் பார்த்தோம்.

சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்திலும் டேவன்போர்ட் முறைக் காற்றுச் சுரங்கம் உண்டு. கட்டடங்கள், புகைபோக்கிகள், கோபுரங்கள் ஆகியவற்றின் மாதிரிகளை அங்கே சோதிக்கிறார்கள். 2015-ல் காற்று விதிநூல் மறுபடி திருத்தப்பட்டது. 2017-ல் உயரமான கட்டடங்களுக்கென்றே ஐ.எஸ். 16700 என்ற தனி விதிநூல் வந்தது. 50 மீட்டருக்கு மேல் 250 மீட்டர் வரையுள்ள கான்கிரீட் கட்டடங்களுக்கு அது பொருந்தும். அதில்தான் நாம் மேலே பார்த்த எண் இருக்கிறது. பத்து வருடத்தில் ஒரு முறை வரக்கூடிய காற்றில், குடியிருப்புக் கட்டடத்தின் முடுக்கம் 0.15-ஐத் தாண்டக்கூடாது. கடை, வணிகக் கட்டடம் என்றால் 0.25 வரை போகலாம். தூங்குகிற இடத்துக்கு ஒரு நியாயம், வியாபாரம் செய்கிற இடத்துக்கு ஒரு நியாயம். சரியான நியாயம்தான்.

எண் யாரிடம் இருக்கிறது?

என் மனைவியின் தங்கை மும்பையில் மகனோடு 41-ஆவது மாடியில் இருந்தாள். ஆடி மாதத்துக் காற்றில், கழிவறைத் தொட்டியில் தண்ணீர் அலையடிப்பதையும் சாப்பாட்டு மேஜை மேல் தொங்கும் விளக்கு ஊசலாடுவதையும் அவளே கவனித்துச் சொன்னாள். தலைச்சுற்றல் என்று டாக்டரிடம் போனார்கள். காதைப் பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. மகன் கட்டியவர்களிடம் எழுதிக் கேட்டான். "கட்டடம் முழுக்கப் பாதுகாப்பானது" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் அவர்கள் பதில் சொன்னது முதல் கேள்விக்கு. இவள் கேட்டது இரண்டாவது கேள்வி. அவள் கட்டடம் விழும் என்று சொல்லவே இல்லை, படுத்தால் கப்பலில் இருப்பது போல இருக்கிறது என்றுதான் சொன்னாள். மெல்லிய ஆட்டம் நீண்ட நேரம் தொடர்ந்தால் சிலருக்குக் குமட்டல் வராமலே சோர்வும் மந்தமும் தூக்கக் கலக்கமும் வரும் என்று சமீப கால ஆய்வுகள் சொல்கின்றன. ஆளுக்கு ஆள் இது வேறுபடும். ஒரே அறையில் மகனுக்குத் தெரியாதது அம்மாவுக்குத் தெரியலாம். இரண்டு பேரும் சொல்வது உண்மையே.

பல வருடம் மனுக்களுக்குக் குறிப்பு எழுதினவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். "பயமாக இருக்கிறது" என்று எழுதிய மனு எந்த அலுவலகத்திலும் நகராது. "இத்தனைக்கு மேல் போகக்கூடாது என்று விதி, போயிருக்கிறதா பாருங்கள்" என்று எழுதிய மனு நகரும். டேவன்போர்ட்டும் ஹாஃப்மனும் ஹான்சன் குழுவும் சேர்ந்து செய்த பெரிய காரியமே இதுதான். ஒரு கிழவியின் தலைச்சுற்றலுக்கு அவர்கள் ஓர் எண் கொடுத்தார்கள். எண் இருந்தால் அது முறையீடு, இல்லாவிட்டால் புலம்பல்.

அந்த எண் இன்று ஒவ்வொரு உயரமான கட்டடத்தின் கோப்பிலும் இருக்க வேண்டும். காற்றுச் சுரங்கச் சோதனை செய்த கட்டடம் என்றால் அறிக்கையாகவே இருக்கும். பிளாட் வாங்குகிறவனுக்கு நீச்சல் குளத்தின் நீளம் தெரிகிறது, உடற்பயிற்சிக் கூடத்தின் படம் கையில் கொடுக்கிறார்கள். பத்து வருடத்துக் காற்றில் மேல் மாடியின் முடுக்கம் எவ்வளவு என்ற ஒரு வரி எந்த விளம்பரப் புத்தகத்திலும் என் கண்ணில் படவில்லை. யூஜீன் ஊரில் 1965-ல் மறைத்தார்கள். இன்று யாரும் மறைப்பதாகத் தெரியவில்லை, யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் சொல்வதில்லை.

சென்னையிலேயே 40 மாடியைத் தாண்டிய குடியிருப்புகள் வந்துவிட்டன. பிள்ளைகள் அப்படி ஓர் இடத்தில் வீடு பார்க்கப் போனால் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கட்டடத்துக்குக் காற்றுச் சுரங்கச் சோதனை நடந்ததா? பத்து வருடத்துக் காற்றில் நாம் வாங்கும் மாடியில் முடுக்கம் எவ்வளவு? அது 0.15-க்கு உள்ளேயா? கேட்பதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. பதில் சொல்லத் தெரிந்தவர் அந்த அலுவலகத்தில் கட்டாயம் ஒருவர் இருப்பார். அப்படி யாரும் இல்லை என்றால் அதுவே ஒரு பதில்தான்.

ஏற்கனவே அங்கே குடியிருப்பவர்கள் பயப்பட வேண்டாம். ஆட்டம் தெரிவதால் கட்டடம் பலவீனம் என்று அர்த்தமில்லை. வளைந்து கொடுக்கும் தென்னைதான் புயலில் நிற்கிறது. பலமான காற்று அடிக்கும் இரவில் படுக்கையைக் கீழ் மாடியில் தெரிந்தவர் வீட்டுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது, கீழே போகப் போக ஆட்டம் குறையும். முடியாவிட்டால், எந்தத் தேதி, எத்தனை மணி, தொங்கும் விளக்கு எந்தத் திசையில் ஆடியது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். குறிப்புள்ள புகாரை ஒதுக்குவது கடினம்.

மச்சினி இப்போது லால்குடியில் எங்கள் தெருவிலேயே ஓட்டு வீட்டில் இருக்கிறாள். தலைச்சுற்றல் இல்லை. மழைக்காலத்தில் ஓடு ஒழுகுகிறது, அதற்கு விதிநூல் தேவையில்லை, ஆள் வந்து மாற்றிவிட்டுப் போகிறான். உங்கள் வீட்டில் யாராவது உயர மாடியில் இருந்து இப்படி அனுபவப்பட்டிருந்தால், எந்த ஊர், எத்தனையாவது மாடி, எந்த மாதத்துக் காற்று என்று விவரத்தோடு எழுதுங்கள். சேர்த்துவைப்போம்.